ஒழுங்கை வேலையைச் சங்கம் பொறுப்பெடுத்தால்

யாழ்ப்பாணத்து ஊர்களில் கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடும் வேலையை ஒப்பந்தமாக எடுக்கும்போது, எல்லாருடைய கண்ணும் சீமெந்திலும் சல்லிக் கல்லிலும்தான் இருக்கும். பழுதாகிப் போன ஒழுங்கைகளைப் போய்ப் பார்த்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் கேட்கவில்லை. வேலி எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று கதைத்து முடிக்கவில்லை. வேலையின் அளவும் செலவும் எழுதிய மதிப்பீடு என்ற கடதாசியைத் தலைவரைத் தவிர வேறு யாரும் கண்ணால் காணவில்லை. மேசன் வருமுன் ஊர் கூடிச் செய்யவேண்டியது இவ்வளவும். மற்றதைக் கூலிக்கு ஆள் பிடித்தும் செய்விக்கலாம்.

தண்ணீர் போகும் வழி

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேர்வதுதான். மற்ற இடங்களில் தண்ணீர் வளவிலிருந்து ஒழுங்கைக்கும் ஒழுங்கையிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து குளத்துக்கும் மெதுவாக இறங்கிப் போகிறது. பல ஊர்களில் மாரி காலத்தில் ஒழுங்கைதான் வாய்க்கால். அதன்மேல் 4 அங்குலம் கிறவல், அதற்குமேல் 6 அங்குலம் கொங்கிறீற் என்று அப்படியே போட்டால், ஊருக்குக் குறுக்கே 10 அங்குல அணை கட்டிய கணக்கு. கார்த்திகை மழையில் அதுவரை தண்ணீர் காணாத வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவு நிற்கும். “எங்கட படலைக்கு முன்னால உயர்த்திப் போட்டுவிட்டியள்” என்ற சண்டை அதோடு தொடங்கும்.

ஆகவே பழைய மண்ணை வெட்டி எடுத்துவிட்டுத்தான் போடவேண்டும். மதிப்பீட்டில் மண் வெட்டும் வேலைக்கென ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வரியை எடுத்துவிட்டு அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்ச நீளம் போடலாம் என்ற ஆசை சங்கத்துக்கும் வரும், உத்தியோகத்தருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது.

தண்ணீரைப் பார்க்கவேண்டிய காலம், வேலைக்கு முந்தின வருடத்துக் கார்த்திகை, மார்கழி. அடைமழை பெய்து ஓயும் நேரத்தில் ஒழுங்கையின் இரு பக்கத்தாரும் சேர்ந்து குடையோடு ஒருமுறை நடந்தால் போதும். எந்த மதில் அடியில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று கரியால் கோடு போட்டு, கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வெயில் காலத்தில் வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அந்தக் கோட்டைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

மட்டம் பிடிக்கக் கருவி தேவையில்லை. மேசன்மார் வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி 20 அடிக்கு ஒரு முளை அடித்துக் கொண்டு போகலாம். 100 மீற்றர் நீளத்தில் ஒரு அடியாவது இறக்கம் கிடைக்கவேண்டும். குறுக்குச் சாய்வு 10 அடி அகலத்துக்கு இரண்டரை அங்குலம். ஒடுங்கிய ஒழுங்கையில் நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் தண்ணீரை விடுவது வீண், இரண்டு பக்கத்தாருக்கும் கரைச்சல். வாய்க்கால் உள்ள பக்கமாக ஒரே சாய்வாகப் போடுவதே நல்லது.

குறுக்கே மதகு வேண்டிய இடத்தில் 12 அங்குல ஹியூம் குழாய் (வார்த்த கொங்கிறீற் குழாய்) பதிப்பது வழக்கம், மலிவு என்பதற்காக. இரண்டு மாரிக்குள் சருகும் பொலித்தீனும் அடைத்து, கைவிட்டு எடுக்கவும் முடியாமல் போகும். 18 அங்குலத்துக்குக் குறையாமல் கேளுங்கள். கம்பி கட்டிய மூடுபலகையோடு திறந்து துப்புரவாக்கக்கூடிய மதகு இன்னும் நல்லது. ஆனால் கம்பி உள்ள கொங்கிறீற்றுக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. கரையோர ஊர்களில் மதகுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீரைப் பவுசரில் எடுக்கவேண்டும். கம்பியில்லாத வீதிப் பலகைக்கு, அதாவது வீதியாகப் போடும் கொங்கிறீற் தட்டுக்கு, அந்தளவு பயமில்லை.

வேலியும் உறுதியும்

பழைய ஒழுங்கைகள் எட்டு ஒன்பது அடி. ஒவ்வொருமுறை வேலி அடைக்கும்போதும் கதியால் என்ற வேலித் தடி ஒரு சாண் வெளியே வந்து, சில இடங்களில் ஆறடியாகி விட்டது. மதில் எழும்பிய பிறகு திருப்பி எடுப்பது பெரும்பாடு. அளவு தொடர்பாக வாய்ப்பேச்சில் இறங்கவேண்டாம். இரண்டு பக்கத்துக் காணி உறுதிகளையும் எடுத்து எல்லை வாசகத்தைப் படியுங்கள். “வழி வாய்க்கால், பங்குக் கிணறு” என்று நம் உறுதிகளில் வரும் வரியில் யாருக்கு எந்த வழி, எந்த வாய்க்கால் உரிமை என்பது கிடக்கும். நில அளவைப் படம் இருந்தால் இன்னும் சுகம். வேலியைத் தள்ளச் சம்மதிப்பவர் எத்தனை அடி, எந்த முளையிலிருந்து எந்த முளைவரை என்று எழுதிக் கையெழுத்து வைத்து, கிராம அலுவலரின் சாட்சியோடு ஒரு பிரதி சங்கக் கோவையில் இருக்கவேண்டும்.

பெரிய சிக்கல் ஆளில்லா வளவு. காணிக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். பார்த்துக்கொள்ளும் மாமாவோ ஒன்றுவிட்ட தம்பியோ “ஓம், வெட்டுங்கோ” என்பார். அற்றோணித் தத்துவம் (காணிக்காரர் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரம்) இல்லாதவரின் ஓமுக்குப் பெறுமதி இல்லை. காணிக்காரரிடமிருந்தே கையெழுத்திட்ட கடிதத்தை மின்னஞ்சலிலாவது எடுத்தபிறகுதான் கதியாலில் கை வைக்கலாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்: அந்த ஒழுங்கை பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா? தனியார் பாதையில் பொதுப் பணம் செலவழிக்க முடியாது. பதிவில் இல்லையென்றால் காணிக்காரர் எல்லாரும் சேர்ந்து சபைக்கு ஒப்படைக்கவேண்டும், அதற்கு மாதங்கள் போகும். மதிப்பீடு போட்டு ஒப்பந்தம் எழுதும் நேரத்தில் இது தெரியவந்தால் அந்த வருட ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போய்விடும்.

மதிப்பீட்டை ஊர் வாசிப்பது

கூட்டத்தில் மதிப்பீட்டை வரி வரியாக வாசிக்கவேண்டும். நீளம், அகலம், தடிப்பு, கலவை, ஒவ்வொன்றுக்கும் அலகு விலை. பிரதி தர யாராவது தயங்கினால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். பெரும்பாலும் அந்தளவுக்குப் போகத் தேவை வராது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பிரதி வந்துவிடும்.

கணக்கு இப்படி. 100 மீற்றர் என்பது 328 அடி. 10 அடி அகலம், 6 அங்குலத் தடிப்பு என்றால் 1,640 கன அடி, அதாவது பதினாறரைக் கியூப் கொங்கிறீற். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு (சீமெந்து, மணல், சல்லி) கலவையில் ஒரு 50 கிலோப் பை சீமெந்து ஏறக்குறைய 5.6 கன அடி கொங்கிறீற் தரும். ஆகச் சேதாரத்தோடு 300 பை, 8 கியூப் மணல், 15 முதல் 16 கியூப் முக்கால் அங்குலக் கருங்கற் சல்லி. தடிப்பில் ஒரு அங்குலம் குறைந்தால் கிட்டத்தட்ட 50 பை மிஞ்சும். தடிப்பு எங்கே போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதிலிருந்தே படலைக்குள் நின்று பார்க்கும் ஒருவருக்கும் பிடிபடக்கூடிய ஒரு கணக்கு வருகிறது. 12 அடி நீளத்துக்கு ஒரு கட்டம் என்று போட்டால், ஒரு கட்டத்துக்குப் பத்தரை முதல் பதினொரு பை போகவேண்டும். மதிப்பீட்டில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை என்றிருந்தால் பதின்மூன்று பதினான்கு பை. வெறும் பைகளைக் கட்டம் கட்டமாகக் கட்டி வைத்து மாலையில் எண்ணச் சொல்லுங்கள். எட்டுப் பைதான் கிடக்கிறதென்றால் ஒன்றில் தடிப்புக் குறைந்திருக்கிறது, இல்லையென்றால் கலவை குறைந்திருக்கிறது. இந்த வேலைக்குச் சங்கத்தின் ஆம்பிளையளைவிட அந்தந்த வீட்டு அக்காமார் பொருத்தம். அவர்கள் நாள் முழுக்க அங்கேதான் நிற்பார்கள், முகத்துக்கும் அஞ்சமாட்டார்கள்.

பொருள் வந்து இறங்குவது

சல்லி வன்னிப் பக்கத்திலிருந்து வருகிறது. நம் நிலத்தில் இருப்பது சுண்ணாம்புக்கல், வீதிப் பலகைக்கு அது உதவாது. ரிப்பர் லொறிப் பெட்டியின் உள்நீளம், உள்ளகலம், குவியலைச் சமப்படுத்திய உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100 ஆல் பிரித்தால் கியூப் வரும். சாரதி சொல்லும் எண்ணை எழுதாமல் அளந்த எண்ணையே எழுதுங்கள். மணல் ஏற்றி வரும் வாகனத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் குறித்து வைக்கவேண்டும். கணக்காய்வில் முதலில் கேட்பது அதைத்தான். கடற்கரை மணலை இரவோடு இரவாக மலிவுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறோம் என்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேலையும் பழுது, வழக்கும் வரும்.

ஈர மணல் பொருமும். மழையில் நனைந்த குவியல் நாலில் ஒரு பங்குவரை கூடுதலாகக் காட்டும். கியூப் கணக்கில் வாங்கும்போது காற்றுக்கும் காசு கொடுக்கிறோம், கலக்கும்போது மணல் குறைந்து கலவை முரடாக வருகிறது. ஈரமென்றால் பெட்டியைக் கொஞ்சம் குவித்துப் போடச் சொல்லவேண்டும்.

பெட்டி என்றால் அளவுப் பெட்டி. உள்ளளவு 15 அங்குலம், 12 அங்குலம், 12 அங்குலம். ஒரு பைக்கு இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி சல்லி. சவளால் எண்ணிப் போடும் கணக்கு காலையில் சரியாக இருக்கும், பத்து மணிக்குப் பிறகு ஆளின் களைப்பைப் பொறுத்து மாறும். தண்ணீர் பைக்கு 25 முதல் 28 லீற்றர். 20 லீற்றர்ப் பெயின்ற் வாளியில் ஒன்றேகால் வாளி போட்டுப் பார்த்து, தேவையென்றால் மட்டும் கொஞ்சம் சேர்க்கலாம். இழுத்துப் பரவ இலேசாக இருக்கும் என்று மேசன் தண்ணீர் கேட்பார். கேட்டபடி ஊற்றினால் ஆறு மாதத்தில் மேற்பரப்பு மாவாக எழும்பிச் சைக்கிள் சில்லில் ஒட்டும்.

போடும் நாள்

வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை சோளகம் அடிக்கும். வெயிலைவிட இந்தக் காற்றுக்குத்தான் பயப்படவேண்டும். போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் மேல்தோல் காய்ந்து, கீழே இன்னும் இளக்கமாக இருக்க, மயிரிழை வெடிப்புகள் விழும். விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிறுத்துவது, பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு திரும்பத் தொடங்குவது, முடித்த கட்டத்தை உடனே பொலித்தீனால் மூடுவது என்று வேலையை வகுத்துக்கொள்ளவேண்டும். கீழே விரிக்கும் பொலித்தீனும் அவசியம். செம்மண் தரையும் கிறவலும் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

ஒரு பைக் கலவை மெசின் ஒன்றும், கலவையை அதிர்த்து இறுக்கும் ஊசி வைபிரேற்றர் ஒன்றும் இருந்தால் நாளொன்றுக்கு ஆறு ஏழு கட்டம் போகலாம். முதல் நாள் ஒன்றுவிட்ட ஒரு கட்டமாகப் போட்டு, அடுத்த நாள் இடைக்கட்டங்களை நிரப்பினால் கட்டங்களுக்கு இடையிலான பொருத்துகள் தாமாகவே அமையும். தொடர்ச்சியாகப் போட்டால் அன்றிரவே, பிந்தினால் மறுநாள் விடியலுக்குள், 12 அடிக்கு ஒரு இடத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்கு வெட்டவேண்டும். “நாளைக்கு வெட்டுவம்” என்று விட்டால் கொங்கிறீற் தனக்கு விருப்பமான இடத்தில் வெடித்துக் கொள்ளும்.

சிரமதானத்தை எங்கே வைப்பது என்பதில் நிறையச் சங்கங்கள் தடுமாறுகின்றன. வேலி பிரிப்பு, மண் வெட்டு, வாய்க்கால் துப்புரவு, பிறகு தண்ணீர் ஊற்றுவது ஆகியவற்றுக்கு ஊர் இறங்கலாம். மெசின் ஓடும் நாளில் சம்பளத்துக்கு எடுத்த, பழகிய குழுதான் வேண்டும். காலையில் நிறையப் பேர் வருவார்கள், வெயில் ஏற ஏற ஒவ்வொருவராக நழுவுவார்கள், அரைக்கட்டத்தில் கலவை இறுகும். அந்தக் குழுவை அதே ஊரிலிருந்து எடுத்தால் கூலியும் ஊருக்குள் நிற்கும். நல்லூர்த் திருவிழா நாட்களிலும் ஊர்க் கோவில் கொடியேறிய பிறகும் நாள் குறிக்கவேண்டாம், ஆள் கிடையாது. செத்தவீடு வந்தால் அன்று வேலை நிற்கும், அதற்கு இடம் விட்டுத்தான் நாள் போடவேண்டும்.

பலகைக்குக் கீழே குறுக்குக் குழாய் பதிக்க மறக்கக்கூடாது. தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. குழாய்நீர் இன்னும் இன்னும் வீடுகளுக்கு வரப்போகிறது. இரண்டு வீட்டுக்கு ஒன்றாக 4 அங்குலப் பிவிசிக் குழாயைக் குறுக்கே போட்டு இரண்டு முனையையும் மூடி, மதிலில் அடையாளம் வைத்தால் நாளைக்கு இணைப்புக்காக வீதியை வெட்டத் தேவையில்லை. மதிப்பீட்டில் இது இருக்காது, ஊர்க் காசில் செய்யவேண்டியது.

தண்ணீர் ஊற்றுவது பதினாலு நாள் வேண்டும், ஏழுக்குக் குறையவே கூடாது. ஓரத்தில் மண்வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கலாம், அல்லது சாக்கு விரித்து நனைக்கலாம். வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒழுங்கை முகப்பில் ஒட்டுங்கள். இரவுக்குள் சாக்கு காய்ந்து கிடந்தால் யாருடைய முறை என்று எல்லாருக்கும் தெரியும்.

கொப்பியும் காசும்

மூன்று கொப்பி போதும். வந்த பொருள், போன பொருள், கையிருப்பு ஒன்றில். ஆட்களின் நாள்வரவு இன்னொன்றில். மூன்றாவது காசேடு. செயலாளரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றும் மாதர் சங்கத்தில் ஒருவரிடம் ஒன்றுமாகப் பிரித்து வைத்தால் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று கிழமைக்கு ஒருமுறை பார்க்கலாம். மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும் ஊரில் நேர்மையான ஆளுக்கும் கெட்ட பெயர்தான் மிஞ்சும். வங்கியில் இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. மூன்று கூறுவிலை எடுத்து, எது ஏன் தெரிவானது என்று கூட்டக் குறிப்பில் எழுதவேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசை ஒப்பந்தக் கணக்கோடு கலக்கவே வேண்டாம். தனிப் பற்றுச்சீட்டு, தனிக் கணக்கு. தேத்தண்ணி, வடை, மத்தியானச் சோறு, குறுக்குக் குழாய் எல்லாம் அதில் போகலாம். கலந்தால் ஒரே சல்லிக்கு இரண்டு இடத்தில் காசு எடுத்ததாகக் கதை கட்டுவார்கள், மறுக்கக் கையில் தாள் இருக்காது.

பணம் அளந்த வேலைக்குத்தான் வரும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளக்குமுன் பலகை மூடிவிட்டால் தடிப்பைக் காட்ட வழியில்லை. சட்டப்பலகை அடித்து, கொங்கிறீற் போடுமுன், நூல் கட்டி மூன்று இடத்தில் அளவுகோல் வைத்துத் திகதி தெரியப் படம் எடுத்து வைத்தால் காசு கேட்டு அனுப்பும் பட்டியல் திரும்பி வராது. குளம் தூர்வாரும் கமக்காரர் அமைப்புகளுக்கும் இது பொருந்தும். வெட்டுமுன் இருந்த மட்டத்தைக் காட்ட இரண்டடிச் சதுரத் திட்டுகளை ஆங்காங்கே வெட்டாமல் விட்டு, அளந்த பிறகே எடுக்கவேண்டும். குளத்தில் இன்னொரு கவனம்: அடியில் உள்ள களிப்படையைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல் தெரிய வெட்டினால் அந்தக் குளம் பிறகு தண்ணீர் பிடிக்காது. முதலில் நாலைந்து சோதனைக் குழி தோண்டி, களி எவ்வளவு தடிப்பு என்று பார்த்து ஆழத்தை முடிவு செய்யவேண்டும். ஜேசிபிக்காரர் மணித்தியாலக் கணக்கில் வேலை செய்பவர், அவராக நிறுத்தமாட்டார்.

காலம் பற்றி ஒரு சொல். அரச ஒதுக்கீடு டிசெம்பர் 31 உடன் முடியும். கடதாசி வேலை இழுபட்டு ஒப்பந்தம் ஐப்பசியில் கைக்கு வந்தால், அடைமழைக்குள் அவசரமாகப் போட்டு முடிக்கச் சொல்வார்கள். குழிக்குள் தண்ணீர் நிற்க அதற்குள் கலவை கொட்டிய வீதிகளின் கதி எல்லாருக்கும் தெரியும். பங்குனிக்கு முன்னரே வேலிக் கடிதங்கள், வீதிப் பதிவு, தண்ணீர்ப் படங்கள், சங்கத்தின் பதிவுப் புதுப்பிப்பு, கணக்காய்வு அறிக்கை எல்லாம் ஒரே கோவையில் இருந்தால், பிரதேச செயலகத்தில் பெயர் கேட்கும் அன்றே கொடுத்துவிடலாம். கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் வையுங்கள். வேலை நாளில் வைத்தால் ஓய்வூதியக்காரர்தான் வருவார்கள். ஒழுங்கையின் வயற்கரை அந்தத்தில் இருப்பவர்கள் வந்திருக்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும். கோவிலடி வீடுகள் மட்டும் கூடி எடுத்த முடிவில் தண்ணீர் எப்போதும் வயற்கரைப் பக்கந்தான் திரும்பும்.

போட்டு முடித்து ஏழு நாளில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் விடலாம். மணல் ரிப்பரை 28 நாளுக்கு உள்ளே விடக்கூடாது. ஒழுங்கை முகப்பில் இரண்டு பக்கமும் கல்தூண் நட்டுக் குறுக்கே மரம் கட்டிப் பூட்டி, திறப்பை முகப்பு வீட்டில் கொடுத்து வையுங்கள். அந்த மாதத்தில் யாராவது வீடு கட்டத் தொடங்குவார்கள், ரிப்பர்க்காரர் ஒருமுறைதானே என்பார். அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதையும் கூட்டக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். ஓரத்தில் பலகையைத் தாங்கக் கிறவல் தோள் கட்டி இறுக்காவிட்டால் முதல் மாரியில் செம்மண் கரைந்து பலகையின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும், உடைவது அங்கேதான் தொடங்கும். பொருத்துகளில் தார் ஊற்றி அடைப்பதற்கும் மதகு வாயைத் துப்புரவாக்குவதற்கும் வருடம் ஒருமுறை, புரட்டாதி முடியுமுன், ஒரு நாள் வேண்டும். அதற்கான தார் செலவை ஊர்க் கணக்கில் இப்போதே ஒதுக்கி வைக்கலாம்.